நிறுத்தியவர்தான் நிரூபிக்க வேண்டும்

கேள்வி இது: “ஒருவருக்கு வரவேண்டிய ஓய்வூதியமோ உதவித்தொகையோ தவறாக நின்றுவிட்டால், ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டுகிறது. கடைசியில் ‘சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது’ என்கிறார்கள். நலத்திட்டங்களை நடத்தும் அரசை உண்மையிலேயே பதில் சொல்ல வைக்க முடியுமா? எந்த நாட்டிலாவது அப்படி நடந்திருக்கிறதா?”

முடியும், நடந்தும் இருக்கிறது. எப்படி நடந்தது, எங்கே பாதியில் நின்றது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் ‘பொறுப்பு’ என்றதும் நம் மனம் நேராக யாரைப் பதவியிலிருந்து இறக்குவது, யார் மேல் வழக்குப் போடுவது என்று ஓடுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பணம் நின்றுபோனவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் முதல் கேள்வி வேறு. தகுதி இருக்கிறது என்று அவர் நிரூபிக்க வேண்டுமா, இல்லை என்று நிறுத்தியவர்கள் நிரூபிக்க வேண்டுமா? பல வருடங்களாக மேல்முறையீட்டு மனுக்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதில் நான் கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இந்தச் சுமை யார் தலையில் இருக்கிறதோ, அவர்தான் கடைசிவரை ஓடுவார்.

இதை மிகத் தெளிவாகக் காட்டிய நிகழ்வு ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’, நலத்துறை கணினிக் கணக்கை வைத்து மக்கள் மேல் கடன் விதித்த திட்டம். அங்கே உதவித்தொகை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்காகும். அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தீர்களோ, அதைப் பொறுத்து உதவி கூடும், குறையும். வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு வருமானம். 2016இல் முழுவீச்சில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து, எல்லா இரண்டு வாரத்திலும் அதே தொகையைச் சம்பாதித்ததாகக் கணினி வைத்துக்கொண்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஆண்டின் முதல் பாதியில் வேலை இல்லாமல் உதவித்தொகை வாங்குகிறார். இரண்டாம் பாதியில் வேலை கிடைத்து 26,000 டாலர் சம்பாதிக்கிறார். வேலை கிடைத்த உடனே துறைக்குத் தெரிவித்து உதவியையும் நிறுத்திக்கொண்டார். எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் 26ஆல் வகுத்தால் ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் 1,000 டாலர் வருகிறது. அப்படியானால் வேலையில்லாத மாதங்களிலும் இவர் சம்பாதித்துக்கொண்டே உதவியும் வாங்கினார் என்று ஆகிவிடுகிறது. உடனே கடன் நோட்டீஸ் கிளம்புகிறது.

நோட்டீஸில் என்ன இருந்தது? உங்கள் கணக்கு பொருந்தவில்லை, அது தவறு என்றால் ஆதாரம் காட்டுங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. வேலை பார்த்த உணவகம் மூடியிருக்கும், முதலாளி ஊரை விட்டுப் போயிருப்பார். முன்பெல்லாம் கணக்கில் சந்தேகம் வந்தால் துறையே வேலை கொடுத்தவரைத் தொடர்புகொண்டு விசாரிக்கும். அதற்கான சட்ட அதிகாரமும் துறைக்கு இருந்தது. அந்த வேலையைத் துறை கைகழுவியது. அதைச் செய்ய ஆளோ அதிகாரமோ இல்லாத ஒருவர் தலையில் ஏற்றியது. மென்பொருள் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். வகுத்தல் கணக்கு ஒரு சிறு விஷயம். சுமை கைமாறியதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். அது மாறாமல் இருந்திருந்தால், துறை விசாரிக்கப் போன முதல் சில நூறு கோப்புகளிலேயே கணக்கு பொய்த்திருக்கும்.

இது இவ்வளவு காலம் எப்படி ஓடியது? யாருக்கும் தெரியாமல் ஓடவில்லை. ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிக் கடன் விதிக்க அன்றைய சட்டம் இடம் தரவில்லை, சட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று துறையின் வழக்கறிஞர்களே 2014இல் எழுதி வைத்திருந்தார்கள். 2017இல் ஊழியர் ஒருவர் நேராகத் துறைச் செயலாளருக்கே எழுதினார். அதே 2017இல் தீர்ப்பாய உறுப்பினர் டெரி கார்னி, இப்படி விதித்த கடன் செல்லாது என்று தன்னிடம் வந்த வழக்குகளில் தீர்ப்பளித்தார். துறை அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேலே போகவில்லை. போயிருந்தால் கேள்வி உயர் மட்டத்தில், எல்லோர் பார்வையிலும் முடிவாகியிருக்கும். முதல் மட்டத் தீர்ப்புகள் பொதுவில் வெளியாவதில்லை. ஆகவே வந்த ஒருவரின் கடனை மட்டும் ரத்து செய்துவிட்டு, மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதைத் தொடர்ந்தார்கள். பிறகு நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கிலும் அப்படித்தான். வழக்கு தாக்கலானதும் அந்த நபரின் கடன் மறுகணக்கீட்டில் பூஜ்ஜியமாகிவிட்டது, வழக்குக்கே வேலை இல்லாமல் போயிற்று.

இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சண்டை போடுகிறவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, விதியை அப்படியே வைத்துக்கொள்வது. வந்தவருக்கு அது வெற்றி. வராத ஆயிரம் பேருக்கு எதுவும் மாறவில்லை. அதனால்தான் தனித்தனிக் குறைதீர்ப்பை மட்டும் நம்பும் ஏற்பாட்டை நான் முழுமையான பொறுப்பாக எண்ணுவதில்லை. ஒரு மேல்முறையீட்டில் துறை தோற்றால், ‘இதே காரணத்தால் இன்னும் எத்தனை பேர்?’ என்று தேடிப் பார்த்து அவர்களுக்கும் சரிசெய்ய வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

2019 நவம்பரில் இன்னொரு வழக்கில், சராசரிக் கணக்கை வைத்துப் போட்ட கடன் சட்டப்படி செல்லாது என்பதை அரசு கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2020 மே மாதம், சுமார் 4,70,000 கடன்களில் வசூலித்த 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. கூட்டு வழக்கின் சமரசம் எல்லாம் சேர்த்து சுமார் 180 கோடி டாலர் மதிப்புக்கு வந்தது. கேத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 2023 ஜூலை 7 அன்று அறிக்கை தந்தது. 57 பரிந்துரைகள். அந்தத் திட்டம் கொடூரமானது, நியாயமும் இல்லை, சட்டத்துக்கும் உட்பட்டதில்லை என்று ஆணையம் எழுதியது. அரசு அலுவலகங்களைக் கண்காணிக்கும் குறைதீர்ப்பாளர் 2017இல் விசாரித்தபோது அவருக்கே துறைகள் முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதும் இந்த ஆணையத்தின் முன்தான் வெளிவந்தது. கண்காணிக்கும் ஓர் அமைப்பு இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். கேட்கிற தாளைத்தான் கொடுப்பார்கள். எந்தத் தாளைக் கேட்பது என்று வெளியிலிருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, தண்டனை? தனிநபர்களைப் பற்றிய பரிந்துரைகள் அறிக்கையின் மூடி முத்திரையிட்ட அத்தியாயத்தில் போயின. ஊழல் தடுப்பு ஆணையம் 2024 ஜூனில் விசாரிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்த முடிவு மறுபரிசீலனைக்குப் போய், 2025 பிப்ரவரியில் விசாரிக்கலாம் என்று மாறியது. நோட்டீஸ் வாங்கியவர்களுக்குச் சில வாரங்களே அவகாசம். அனுப்பியவர்களை விசாரிக்கலாமா என்று முடிவு செய்யவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

நெதர்லாந்தில் நடந்தது இன்னும் பெரிய அதிர்ச்சி. குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவியை, மோசடி என்று சொல்லி ஆயிரக்கணக்கான பெற்றோரிடமிருந்து வரித்துறை திரும்பக் கேட்டது. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும், பெற்றோர் கட்ட வேண்டிய சிறு பங்கில் கொஞ்சம் குறைந்தாலும், அந்த ஆண்டுக்குக் கொடுத்தது முழுவதையும் திரும்பக் கேட்டார்கள். கடன் பல்லாயிரம் யூரோவாக ஏறியது. வீடு போனது, குடும்பங்கள் உடைந்தன. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைக் குறிவைத்துத் தேடியதும் வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட பெற்றோர் தங்கள் கோப்பைக் கேட்டபோது, பக்கம் பக்கமாகக் கறுப்பு மை பூசிய தாள்கள் வந்தன. எதற்காக மோசடிக்காரர் ஆனோம் என்று அவர்களால் படித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு ‘முன்னெப்போதும் இல்லாத அநீதி’ என்ற தலைப்பில் அறிக்கை தந்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை மொத்தமாகப் பதவி விலகியது. பொறுப்பேற்பது என்றால் இதுதான் என்று பலரும் அப்போது எழுதினார்கள். மார்ச்சில் தேர்தல் வந்தது. அவர் கட்சியே அதிக இடங்களில் வென்றது. 2024 வரை அவரே பிரதமர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமைச்சரவை விலகியதால் பெற்றோருக்கு ஒரு நாள் முன்னதாக நிவாரணம் கிடைத்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. பதவி விலகல் ஒரு நாளில் முடிந்துவிடும். சரிசெய்வதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும், முகம் பார்த்துப் பேசும் பொறுமை வேண்டும். அதில் கேமரா வராது.

ஒரு விஷயம் என்னை இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கேயும் உள்ளே ஒருவர் எழுதி வைத்திருந்தார். வரித்துறையின் சட்ட ஆலோசகர் சாண்ட்ரா பால்மன், துறை கண்டிக்கத்தக்க விதத்தில் நடந்துகொண்டது, பெற்றோருக்கு ஈடு தர வேண்டும் என்று 2017இலேயே குறிப்பு எழுதினார். அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். 2020இல்தான் அது வெளியே வந்தது. பிறகு 2024 இறுதியில் அவரே இந்த நிவாரணப் பணிக்குப் பொறுப்பான அமைச்சரவைப் பதவிக்கு வந்தார்.

ஆஸ்திரேலியாவில் 2014ஆம் வருடக் குறிப்பு, நெதர்லாந்தில் 2017ஆம் வருடக் குறிப்பு. இரண்டு நாட்டிலும் உண்மை தெரிந்த ஆள் உள்ளேயே இருந்தார், எழுத்திலும் வைத்தார். அந்தத் தாள் வெளியே வந்து சேரத்தான் வருடங்கள் ஆயின. ஆகவே யாராவது என்னிடம் ‘ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லுங்கள்’ என்று கேட்டால், ஒரு திட்டம் சட்டப்படி செல்லுமா என்ற உள் ஆலோசனை, அந்தத் திட்டம் தொடங்கும் முன் கணக்குத் தணிக்கையாளர் கைக்கும் நாடாளுமன்றக் குழு கைக்கும் தானாகவே போய்ச்சேர வேண்டும் என்பேன். கேட்டால் கொடுப்போம் என்பது போதாது. இருப்பதே தெரியாத தாளை யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது செயல்திறன் பக்கம் வருகிறேன். துறைகள் ஆண்டறிக்கையில் எண்களை அடுக்குகின்றன: இத்தனை மனுக்கள் தீர்க்கப்பட்டன, சராசரி இத்தனை நாள். இந்த எண்களை யார் எழுதுகிறார்கள், அது நன்றாக இருந்தால் யாருக்கு லாபம் என்று பார்க்காமல் நம்பக்கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில், டாக்டரைப் பார்க்க 14 நாளுக்கு மேல் காத்திருக்கக்கூடாது என்று இலக்கு வைத்தார்கள். அந்த இலக்கு நிர்வாகிகளின் மதிப்பீட்டோடும் போனஸோடும் இணைந்திருந்தது. ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனை முதல் சந்திப்புக்குச் சராசரி 24 நாள் என்று கணக்குக் காட்டியது. 2014 மே மாதம் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 226 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது வந்த சராசரி 115 நாள். சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வக் காத்திருப்புப் பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் ஏற்றாவிட்டால் அவர்கள் காத்திருக்கவே இல்லை என்று கணக்கு ஆகிவிடும், அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் துறை அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார்.

நலத்திட்டத்தில் இதைவிட நுட்பமான பொய் ஒன்று உண்டு. பயனாளிகள் குறைந்தால் அதைச் சிக்கனம் என்று கணக்கில் காட்டலாம். பெயர் நீக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே தகுதி இழந்தவர்கள், எத்தனை பேர் ஒரு கடிதம் பழைய முகவரிக்குப் போனதால் விழுந்தவர்கள்? இதைப் பிரித்துச் சொல்லாத எண் எதற்கும் உதவாது. வருமானம் குறைந்தவர்களுக்கான அமெரிக்காவின் மெடிக்கெய்ட் மருத்துவ உதவியில் கொரோனா காலத்தில் யார் பெயரையும் நீக்கக்கூடாது என்றிருந்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தடை நீங்கி, எல்லோரின் தகுதியையும் மறுபடி சரிபார்த்தார்கள். 2.5 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர் நீங்கியது. அவர்களில் 10க்கு சுமார் 7 பேர் படிவம் திரும்பி வரவில்லை என்பது போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் தகுதி இருந்ததா இல்லையா என்று யாரும் பார்த்து முடிவு செய்யவில்லை.

இது நமக்குத் தெரிகிறதே, அதுவே ஒரு சிறு வெற்றி. ஒவ்வொரு மாநிலமும் மாதாமாதம் இந்தக் கணக்கைக் காரணம் பிரித்துக் கொடுக்க வேண்டும், அது வெளியிடப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தார்கள். அந்தச் சரிபார்ப்பின் நடுவிலேயே இன்னொரு கோளாறும் பிடிபட்டது. சுமார் 30 மாநிலங்களில் கணினி ஒவ்வொருவரின் தகுதியைப் பார்க்காமல் குடும்பத்தை மொத்தமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்றோருக்கு வருமானம் கூடியிருந்தாலும் குழந்தைக்குத் தகுதி இருக்கலாம். ஆனால் பெற்றோர் பதில் அனுப்பாவிட்டால் குழந்தையின் பெயரும் போனது. 2023 செப்டம்பரில் மத்திய அரசு நீக்கத்தை நிறுத்தச் சொல்லி, ஏறக்குறைய 5 லட்சம் பேரின் உதவியைத் திருப்பிக் கொடுக்க வைத்தது. அந்த 5 லட்சம் பேரில் யாரும் தனித்தனியாக மனுப்போட வேண்டியிருக்கவில்லை. துறை தானே தேடிப்போய்த் திருத்தியது. ரோபோடெட்டில் நடக்காதது இங்கே நடந்தது. ஆஸ்திரேலியாவின் சில ஆண்டுகளை அமெரிக்காவின் சில மாதங்களோடு ஒப்பிடுங்கள்.

பிரிட்டனில் நலத்துறையின் கணக்குகளுக்கு 1988-89 முதல் தணிக்கைத் தலைவர் ஆண்டுதோறும் ஆட்சேபக் குறிப்போடுதான் ஒப்புதல் தருகிறார். உதவித்தொகையில் மோசடியும் பிழையும் அளவுக்கு மேல் இருக்கின்றன என்பதே காரணம். எண் நேர்மையானது, வெளியாகிறது, ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே குறிப்பு. வெளிப்படைத்தன்மை மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது என்பதற்கு இதைச் சொல்கிறேன். ஒரு குறிப்பு வந்தால் அதற்குப் பிறகு ஏதாவது நடந்தே தீர வேண்டும் என்ற பிடி அதில் இல்லை.

பிடி எப்படி இருக்கும் என்பதற்கு ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயி அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணைக் கூட்டத்தை நடத்தியது. செய்தது எளிமையான வேலை. அரசுப் பணிகளுக்கான மஸ்டர் ரோலையும் (யார் எத்தனை நாள் வேலை செய்தார் என்ற பதிவேடு) பில்லையும் வாங்கி, அந்த ஊர் மக்கள் முன்னால் உரக்கப் படித்தார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று படித்தால், அந்த இன்னார் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். ‘நான் அந்தப் பக்கமே போகவில்லையே’ என்று எழுந்து சொல்வார். தணிக்கையாளருக்கு அந்தத் தாளில் எந்தக் குறையும் தெரியாது. கூட்டல் சரி, கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது. பொய் என்று தெரிந்தவர் அந்த ஊர்க்காரர் மட்டும்தான். அவர் கண்ணில் தாள் படாதவரை பொய் பத்திரமாக இருந்தது.

அந்தத் தாளைப் பெறுவதே பெரிய போராட்டமாக இருந்ததால்தான் 1996இல் பேயாவரில் 40 நாள் தர்ணா நடந்தது. அது நாடு தழுவிய கோரிக்கையாக வளர்ந்து, 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் இரண்டு இடங்கள் உண்டு. 19(5): தகவல் தர மறுத்தது சரிதான் என்று மேல்முறையீட்டில் நிரூபிக்கும் பொறுப்பு, மறுத்த அதிகாரியுடையது. கேட்டவர் எதையும் நிரூபிக்க வேண்டாம். 20ஆம் பிரிவு: தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அந்த அதிகாரி மேலேயே அபராதம். துறை மேல் விதித்தால் அது பொதுப் பணத்திலிருந்து இன்னொரு பொதுக் கணக்குக்குப் போகும், யாருக்கும் வலிக்காது. சொந்தப் பையிலிருந்து போகும்போதுதான், பதில் தர வேண்டிய 30ஆவது நாள் நெருங்குவது நினைவுக்கு வரும்.

இந்தச் சட்டமும் முழுதாக வேலை செய்யவில்லை. ஆணையங்களில் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன, அபராதம் அபூர்வமாகவே விதிக்கப்படுகிறது. ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே முடிவு செய்யலாம் என்று 2019இல் திருத்தம் வந்தது. ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஊர் மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது பெரிய முன்னேற்றம். ஆனால் தணிக்கையில் கண்டுபிடித்த தொகையில் சிறு பகுதிதான் திரும்ப வசூலானது. கண்டுபிடிப்பவர் ஒருவர், நடவடிக்கை எடுப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவர் பெரும்பாலும் தவறு நடந்த அதே துறையில் இருப்பவர். கண்டுபிடித்ததும் ஊர்க்காரர் அடுத்த நாளும் அதே ஊழியரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

உகாண்டாவிலும் இதே பாடத்தை எண்ணிக்கையோடு பார்க்கலாம். 1991 முதல் 1995 வரை, மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று மத்திய அரசு ஒதுக்கிய பள்ளி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச்சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன் பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாளில் வெளியிட்டார்கள், பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். 2001இல் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச்சேர்ந்தது. அதே காலத்தில் வேறு நிதிச் சீர்திருத்தங்களும் நடந்தன, ஆகவே முழுப் புகழையும் செய்தித்தாளுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் தனக்கு எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாத தலைமையாசிரியர், வரவில்லையே என்று எப்படிக் கேட்பார்?

மறுபடி சுமை பற்றிய பேச்சுக்கு வருகிறேன். 1970இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில் ஒரு முக்கியமான வரிசையை நிலைநாட்டியது: வாழ்க்கைக்கே ஆதாரமான உதவித்தொகையை நிறுத்துவதற்கு முன் விசாரணை நடக்க வேண்டும், நிறுத்திய பிறகு அல்ல. காரணம் எளிது. சாப்பாட்டுக்கு வழியில்லாதவர் மேல்முறையீடு நடத்த மாட்டார், அன்றைய பாட்டைத்தான் பார்ப்பார். ஆனால் 1976இல் மேத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் வழக்கில் அதே நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான காப்பீட்டு உதவிக்கு அந்த அளவு முன்விசாரணை தேவையில்லை என்று சொல்லிவிட்டது. என் கணிப்பில் 1970 தீர்ப்புதான் சரி. விசாரணை முடியும்வரை பணம் தொடர்ந்து போனால், கோப்பைச் சீக்கிரம் முடிக்கும் அவசரம் துறைக்கு வரும். முதலிலேயே நிறுத்திவிட்டால் அந்த அவசரம் முழுவதும் பசித்தவருடையதாகிவிடுகிறது.

தகுதியற்றவர்கள் வாங்கிவிடுவார்களே என்று கேட்பீர்கள். சிலர் வாங்குவார்கள். தவறாகக் கொடுத்த பணத்தைப் பிற்பாடு தவணையில் திரும்பப் பெறலாம். தவறாக நிறுத்தியதால் மருந்து வாங்காமல் விட்ட மாதத்தைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு பிழையும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஆனால் அலுவலகக் கணக்கில் முதல் பிழைக்கு மட்டும் தணிக்கை ஆட்சேபம் வருகிறது, இரண்டாவதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் எந்தப் பக்கம் சாய்வார்? கொடுத்தால் விளக்கம் கேட்பார்கள், மறுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு மறுப்புக்கும் கொடுப்புக்கு இணையாகக் காரணம் எழுத வேண்டும், தவறான மறுப்பும் அவர் பதிவேட்டில் பிழையாகப் பதிய வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அதே ஊழியர் வேறு மாதிரி வேலை செய்வார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு. ‘சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது’ என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். சிஸ்டம் எந்த விதியின் கீழ் நிறுத்தியது, எந்தத் தகவலை வைத்து நிறுத்தியது, அந்தத் தகவல் எந்தத் தேதியில் எங்கிருந்து வந்தது, முடிவுக்குக் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பேசினால் மட்டும் போதாது, பேசியதற்குத் தடயம் கிடையாது. மனுவின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்குங்கள், இணையத்தில் போட்டால் பதிவு எண்ணைப் படமெடுத்து வையுங்கள். மனுவில் உங்கள் கஷ்டத்தைப் பக்கம் பக்கமாக எழுதத் தோன்றும். அதை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, நிறுத்தியதற்கு அவர்கள் சொல்லும் காரணம் எந்த இடத்தில் தவறு என்பதற்கு மீதி இடத்தைக் கொடுங்கள்.

அப்புறம், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி என்ன என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்தும் அந்தத் தேதியைத் தவறவிட்டு வந்தவர்களுக்கு என்னால் செய்ய முடிந்தது மிகக் குறைவு. மேல்முறையீடு முடியும்வரை உதவி தொடர உங்கள் திட்டத்தின் விதியில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தனிக் கோரிக்கையாக, தனி மனுவில் கேளுங்கள். ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் பதில் வரும். உங்களைப் போலவே நின்றுபோனவர் இன்னும் நான்கு பேர் தெரிந்தால், ஐந்து மனுவையும் ஒரே நாளில், ஒரே காரணத்தைச் சுட்டிக் கொடுங்கள். ஒருவருக்கு மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவது அப்போது அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.